படம் பார்த்துக் குத்தும் ஊசி: புராஸ்டேட் பயாப்சியில் எந்த முறை எதைப் பிடிக்கிறது?

உடம்பில் வேறு எங்கே புற்றுநோய் சந்தேகம் வந்தாலும் டாக்டர்கள் செய்வது பெரும்பாலும் ஒன்றுதான். கட்டி எங்கே இருக்கிறது என்று பார்ப்பார்கள். அந்தக் கட்டிக்குள் ஊசியைச் செலுத்திக் கொஞ்சம் சதை எடுப்பார்கள். பயாப்சி என்பது இதுதான். மார்பகமோ தைராய்டோ, இதுதான் வழக்கம். புராஸ்டேட் மட்டும் நெடுங்காலம் விதிவிலக்காக இருந்தது. சுமார் முப்பது வருடங்கள், உலகத்தின் பெரிய பெரிய ஆஸ்பத்திரிகளில்கூட, கட்டியைக் குறிபார்க்காமல் சுரப்பியை வயல்போலப் பாத்தி பிரித்து, பாத்திக்கு இரண்டு என்று குத்தி எடுத்தார்கள். மாட்டினால் மாட்டியது.

டாக்டர்களின் அலட்சியம் அல்ல இதற்குக் காரணம். கட்டி அவர்கள் கண்ணுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். தெரிய ஆரம்பித்த பிறகு என்ன மாறியது, எந்த முறை எவ்வளவு தேறியது என்பதைத்தான் இங்கே பார்க்கப்போகிறோம். இன்று யூராலஜி டாக்டரிடம் போகிறவர் காதில் ஃபியூஷன் பயாப்சி, காக்னிட்டிவ் பயாப்சி, டி.ஆர்.யு.எஸ்., டிரான்ஸ்பெரினியல் என்று நாலைந்து பெயர்கள் விழுகின்றன. விலையும் ஒவ்வொன்றுக்கு ஒவ்வொரு மாதிரி. எதற்குக் காசு கொடுக்கிறோம் என்று தெரிந்துகொள்வது நல்லது.

பேச்சுக்காக ஒருவரை வைத்துக்கொள்வோம். சண்முகம், வயது 63, பேங்கில் இருந்து ரிட்டயர் ஆனவர். ஹெல்த் செக்கப்பில் பி.எஸ்.ஏ. அளவு 7.8 என்று வந்துவிட்டது. பி.எஸ்.ஏ. என்பது புராஸ்டேட் சுரக்கும் ஒரு புரதம். புற்றுநோய் இருந்தால் ரத்தத்தில் அது கூடும். ஆனால் வயதாகிச் சுரப்பி வீங்கினாலும் கூடும், கிருமித்தொற்று வந்தாலும் கூடும். 4-க்கு மேல் போனால் சந்தேகப்பட வேண்டும் என்பது பழைய கணக்கு. 7.8 என்பது ரெண்டுங்கெட்டான் எண். ஆகவே பயாப்சி.

முதலில் பழைய முறை. புராஸ்டேட் சிறுநீர்ப்பைக்குக் கீழே, மலக்குடலுக்கு முன்னால் ஒட்டினாற்போல இருக்கிறது. ஆசனவாய் வழியாக விரலை விட்டால் அதன் பின்பக்கத்தைத் தொட்டுப் பார்த்துவிடலாம். ஒரு காலத்தில் அந்த விரலைத்தான் வழிகாட்டியாக வைத்து ஊசி போட்டார்கள். 1960-களின் பிற்பகுதியில் ஜப்பானில் ஹிரோகி வத்தனபே என்ற மருத்துவர் மலக்குடல் வழியாக அல்ட்ராசவுண்ட் பார்க்கும் முறையைக் கொண்டுவந்தார். டி.ஆர்.யு.எஸ். என்பது இதுதான். அவருடைய கருவி ஒரு நாற்காலி. உட்காரும் இடத்தில் அல்ட்ராசவுண்ட் குழாய் நட்டுக்கொண்டு நிற்கும், நோயாளி அதன் மேல் உட்கார வேண்டும். நல்லவேளை, பிறகு வந்த கருவிகளில் ஒருக்களித்துப் படுத்தால் போதும் என்றானது.

1989-இல் ஸ்டான்ஃபோர்டில் ஹாட்ஜும் ஸ்டேமியும் சகாக்களும் ஒரு ஒழுங்கைக் கொண்டுவந்தார்கள். அல்ட்ராசவுண்டில் சுரப்பியைப் பார்த்துக்கொண்டே வலப்பக்கம் மூன்று, இடப்பக்கம் மூன்று என்று ஆறு இடத்தில் சதை எடுப்பது. அந்த ஆறு நாளடைவில் பத்து, பன்னிரண்டு என்று ஆனது. இதைத்தான் சிஸ்டமேட்டிக் பயாப்சி என்கிறார்கள். இங்கே கவனிக்க வேண்டிய சங்கதி ஒன்று உண்டு. அல்ட்ராசவுண்ட் சுரப்பியின் எல்லையைக் காட்டும், பருமனைக் காட்டும், ஊசி போவதைக் காட்டும். புற்றுநோயைப் பல நேரம் காட்டாது. சில கட்டிகள் கறுப்பாகத் தெரியும்; மற்றவை சுற்றியிருக்கும் சதையோடு சதையாகக் கலந்து மறைந்துவிடும். ஆகவே 'ஸ்கேன் பார்த்துப் பயாப்சி' என்று ரிப்போர்ட்டில் இருந்தாலும், ஸ்கேனில் பார்த்தது சுரப்பியைத்தான், நோயை அல்ல.

அந்த ஊசியையும் ஒருமுறை கிட்டத்தில் பார்த்துவிடலாம். 18 கேஜ், ஒரு மில்லிமீட்டரைவிடச் சற்றே தடிமன். ஸ்பிரிங் வைத்த ஒரு சின்ன துப்பாக்கியில் பொருத்தியிருப்பார்கள். பொத்தானை அழுத்தினால் ஸ்டேப்ளர் அடித்ததுபோல 'டப்' என்று சத்தம். படுத்திருப்பவர்கள் வலியைவிட அந்தச் சத்தத்துக்குத்தான் அதிகம் திடுக்கிடுவார்கள் என்பதால், டாக்டர்கள் முன்கூட்டியே ஒருமுறை வெறுமனே அடித்துக் காட்டுவதுண்டு. வெளியே வருவது சேமியா இழைபோல வெளுத்த ஒரு துணுக்கு, நீளம் ஒன்றரை முதல் இரண்டு சென்டிமீட்டர். பன்னிரண்டு இழைகளையும் சேர்த்தாலும் மொத்தச் சுரப்பியில் நூற்றில் ஒரு பங்கு தேறாது. மீதி தொண்ணூற்றொன்பது பங்கில் என்ன இருக்கிறது என்பது ஊகம்தான்.

சண்முகத்துக்கும் இப்படிப் பன்னிரண்டு எடுத்தார்கள். ரிப்போர்ட்டில் புற்றுநோய் இல்லை. ஒரு வருடம் கழித்து பி.எஸ்.ஏ. 10.2. மறுபடி பன்னிரண்டு. மறுபடி இல்லை. நிம்மதியாக இருக்கலாமா?

இந்த முறையில் தவறு இரண்டு திசையில் நடக்கும். பெரும்பாலான புற்றுநோய்கள், சுமாராக 70 சதவீதம், சுரப்பியின் வெளிப்புறச் சதையில், அதாவது மலக்குடலை ஒட்டிய பக்கத்தில் வருகின்றன. ஊசியும் அங்கிருந்துதான் நுழைகிறது, அதனால் அது வசதி. மீதி முன்பக்கத்தில் வந்தால் ஊசி அதுவரை எட்டுவதே சிரமம். பெரிய கட்டியே இருந்தும் வருடக்கணக்கில் 'இல்லை, இல்லை' என்று ரிப்போர்ட் வாங்கியவர்கள் உண்டு. இது ஒரு திசை.

இன்னொரு திசையைப் பலர் யோசிப்பதில்லை: தேவையில்லாததைக் கண்டுபிடிப்பது. வயதான ஆண்களில் கணிசமானவர்களுக்குப் புராஸ்டேட்டில் ஏதோ ஒரு மூலையில் சிறு புற்றணுக் கூட்டம் இருக்கும். அது அவர்களை ஒன்றும் செய்யாது. வேறு ஏதாவது காரணத்தில் இறந்துபோகும்வரை அது பாட்டுக்குக் கிடக்கும். குறிபார்க்காமல் குத்தும் ஊசி இவற்றில் போய் மாட்டிக்கொள்ளும். மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பவர் க்ளீசன் 3+3 என்று எழுதுவார், அதாவது புற்றுநோய்தான், ஆனால் இருப்பதிலேயே சாதுவான ரகம். வீட்டில் இடி விழுந்ததுபோல இருக்கும். ஆபரேஷன், கதிர்வீச்சு, அப்புறம் சிறுநீர் கட்டுப்படாமை, தாம்பத்தியச் சிக்கல் என்று தொடர்கதை. பிரிட்டனில் 1,643 பேரை மூன்று பிரிவாகப் பிரித்து, ஒரு பிரிவுக்கு ஆபரேஷன், ஒன்றுக்குக் கதிர்வீச்சு, இன்னொன்றுக்குக் கண்காணிப்பு மட்டும் என்று வைத்து நடத்திய ப்ரொடெக்ட் ஆய்வின் 15 வருட முடிவு 2023-இல் வந்தது. மூன்று பிரிவிலும் புராஸ்டேட் புற்றுநோயால் இறந்தவர்கள் மொத்தம் 3 சதவீதத்துக்கும் குறைவு. பிரிவுகளுக்கிடையே பெரிய வித்தியாசமும் இல்லை.

அதனால் இந்தத் துறையில் 'அதிகம் கண்டுபிடிக்கும் முறையே நல்ல முறை' என்ற சாதாரணக் கணக்கு செல்லாது. ஆளைக் கொல்லக்கூடியதை அதிகம் பிடிக்க வேண்டும், கொல்லாததைக் குறைவாகப் பிடிக்க வேண்டும். கீழே வரும் எண்களை எல்லாம் இந்த இரட்டைத் தராசில்தான் நிறுக்க வேண்டும்.

எம்.ஆர்.ஐ. வந்ததும் கதை மாறியது. அது மூன்று விதமாகப் பார்க்கிறது. டி2 என்ற படம் சுரப்பியின் அமைப்பைத் தெளிவாகக் காட்டும். ஆரோக்கியமான வெளிச்சதை வெளுப்பாகவும் கட்டி கறுப்பாகவும் தெரியும். டிஃப்யூஷன் படம் தண்ணீர் மூலக்கூறுகள் எவ்வளவு தாராளமாக நகர்கின்றன என்று அளக்கிறது. புற்றணுக்கள் திருவிழாக் கூட்டம்போல நெருக்கியடித்து நிற்கும் இடத்தில் தண்ணீர் நகர முடியாது, அந்த இடம் தனித்துத் தெரியும். மூன்றாவது, ரத்தக்குழாயில் கான்ட்ராஸ்ட் மருந்து ஏற்றி எங்கே சட்டென்று பாய்கிறது என்று பார்ப்பது. இவற்றைச் சேர்த்து ரேடியாலஜி டாக்டர் 1 முதல் 5 வரை மதிப்பெண் போடுவார். பைராட்ஸ் என்று பெயர். 2012-இல் வந்த இந்த முறை 2019-இல் 2.1 என்ற பதிப்புக்கு வந்திருக்கிறது. 1, 2 என்றால் அநேகமாகப் பயமில்லை. 4, 5 என்றால் ஊசி தேவை. 3 என்றால் கையைப் பிசைய வேண்டியதுதான், பி.எஸ்.ஏ. அளவைச் சுரப்பியின் கொள்ளளவால் வகுத்து, அது 0.15-க்கு மேலா கீழா என்றெல்லாம் பார்த்து முடிவெடுப்பார்கள்.

பழைய முறை எவ்வளவு மோசம் என்று எண்ணால் காட்டியது பிரிட்டனின் ப்ராமிஸ் ஆய்வு. 2017-இல் லான்செட் மருத்துவ இதழில் வெளிவந்தது. அதன் நேர்மை எனக்குப் பிடிக்கும். 576 ஆண்களுக்கு எம்.ஆர்.ஐ.யும் எடுத்தார்கள், வழக்கமான அல்ட்ராசவுண்ட் பயாப்சியும் செய்தார்கள். எது சரி என்று தீர்ப்புச் சொல்ல மூன்றாவதாக ஒன்று வேண்டுமே? அதற்காக அத்தனை பேரையும் மயக்கம் கொடுத்துப் படுக்கவைத்து, 5 மில்லிமீட்டர் இடைவெளியில் சல்லடைபோலச் சுரப்பி முழுக்கக் குத்தி எடுத்தார்கள். அந்தச் சல்லடைதான் நீதிபதி. முடிவு: சிகிச்சை தேவைப்படும் அளவுக்கு முக்கியமான புற்றுநோய்களில் எம்.ஆர்.ஐ. 93 சதவீதத்தைச் சந்தேகித்திருந்தது. அல்ட்ராசவுண்ட் பயாப்சி பிடித்தது 48 சதவீதம். காசைச் சுண்டிவிட்டுப் பார்த்திருந்தாலும் கிட்டத்தட்ட அந்தக் கணக்குதான் வரும்.

ஆனால் எம்.ஆர்.ஐ.க்கு ஒரு பலவீனம். அது சந்தேகப் பிராணி. முக்கியமான புற்றுநோய் இல்லாதவர்களில் 'இல்லை' என்று சரியாகச் சொன்னது 41 சதவீதம் பேருக்கு மட்டும். அதாவது எம்.ஆர்.ஐ. 'ஏதோ இருக்கிறது' என்றால் புற்றுநோய் என்று அர்த்தமில்லை, ஊசி போட்டுப் பார்க்க வேண்டும் என்று அர்த்தம். பைராட்ஸ் 4 என்று ரிப்போர்ட் வந்ததுமே உறவுக்காரர்களுக்கு எல்லாம் போன் போட்டு அழுகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

அடுத்த வருடம், 2018-இல், ப்ரிசிஷன் ஆய்வு வந்தது. 11 நாடுகளில் 500 பேர். ஒரு பாதிக்கு வழக்கமான பயாப்சி. இன்னொரு பாதிக்கு முதலில் எம்.ஆர்.ஐ., அதில் சந்தேகம் இருந்தால் மட்டும் அந்த இடத்தைக் குறிபார்த்து ஊசி. சந்தேகம் இல்லாவிட்டால் ஊசியே கிடையாது. இரட்டைத் தராசில் இரண்டு தட்டும் ஒரே நேரத்தில் சரியான பக்கம் சாய்ந்தன. முக்கியமான புற்றுநோய் கிடைத்தது எம்.ஆர்.ஐ. பிரிவில் 38 சதவீதம் பேருக்கு, பழைய முறையில் 26. தேவையில்லாத சாதுவான புற்றுநோய் எம்.ஆர்.ஐ. பிரிவில் 9, பழைய முறையில் 22. எம்.ஆர்.ஐ. பிரிவில் நாலில் ஒருவருக்கும் மேல் ஊசியே படாமல் வீட்டுக்குப் போனார்கள்.

சரி, எம்.ஆர்.ஐ. படத்தில் ஒரு புள்ளி தெரிகிறது. அந்தப் புள்ளிக்கு ஊசியை எப்படிக் கொண்டுபோவது? எம்.ஆர்.ஐ. ஒரு அறையில், ஒரு நாளில் எடுத்தது. ஊசி போடுவது இன்னொரு அறையில், இன்னொரு நாளில், அல்ட்ராசவுண்டைப் பார்த்துக்கொண்டு. அல்ட்ராசவுண்டிலோ அந்தப் புள்ளி தெரியாது. இந்த இடைவெளியைத் தாண்ட மூன்று வழிகள் இருக்கின்றன. ஆஸ்பத்திரிகளின் விளம்பரமும் விலை வித்தியாசமும் இந்த இடத்தில்தான் வருகின்றன.

முதல் வழி காக்னிட்டிவ் பயாப்சி. பெரிய பெயர், எளிய சங்கதி: டாக்டர் எம்.ஆர்.ஐ. படத்தை நன்றாகப் பார்த்து மனசில் வாங்கிக்கொள்கிறார். 'இடப்பக்கம், நடுவில் இருந்து சற்றுக் கீழே, வெளிச்சதையில், ஓரத்தில் இருந்து ஒரு சென்டிமீட்டர்.' பிறகு அல்ட்ராசவுண்டில் அதே இடத்தை அனுமானித்துக் குத்துகிறார். கூடுதல் மெஷின் எதுவும் வேண்டாம். செலவு குறைவு. முழுக்க முழுக்கக் கையையும் கண்ணையும் அனுபவத்தையும் நம்பியது.

இரண்டாவது ஃபியூஷன். இங்கே அந்த மனக்கணக்கைக் கம்ப்யூட்டர் செய்கிறது. ரேடியாலஜி டாக்டர் எம்.ஆர்.ஐ. படத்தில் துண்டு துண்டாகச் சுரப்பியின் எல்லையைக் கோடு போட்டு வரைந்து, சந்தேகப் புள்ளியையும் தனியாக வரைந்து வைப்பார். பயாப்சி அன்று மலக்குடலில் அல்ட்ராசவுண்ட் குழாயை வைத்து ஒரு சுற்றுச் சுற்றிச் சுரப்பியின் முப்பரிமாணப் படத்தை எடுப்பார்கள். மெஷின் இரண்டையும் ஒன்றின் மேல் ஒன்றாகப் பொருத்தும். திரையில் சாம்பல் நிற அல்ட்ராசவுண்ட் படத்துக்குள் ஒரு கலர் வட்டம் மிதக்கும். ஊசியின் கோடு அந்த வட்டத்துக்குள் வரும்வரை குழாயைத் திருப்பிவிட்டு, 'டப்'. எந்த ஊசி எந்த இடத்தில் போனது என்ற பதிவும் மெஷினில் இருக்கும். அடுத்த வருடம் அதே இடத்தில் திரும்ப எடுக்க வேண்டுமானால் அது பெரிய உதவி. ஆர்ட்டெமிஸ், யூரோநேவ், கோலிஸ் என்று இதற்குப் பல கருவிகள் சந்தையில் உண்டு. குழாயின் நகர்வை ஒன்று இயந்திரக் கையால் பின்தொடர்கிறது, இன்னொன்று காந்தப்புலத்தால், மற்றொன்று முப்பரிமாண அல்ட்ராசவுண்டாலேயே.

திரையில் பார்க்கும்போது வட்டம் துல்லியமாக இருப்பதுபோலத் தோன்றும். அந்தத் துல்லியத்தைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பிவிடக் கூடாது. புராஸ்டேட் கல் அல்ல, சதை. எம்.ஆர்.ஐ. எடுத்தபோது மல்லாந்து படுத்திருந்தார், மலக்குடல் காலியாக இருந்தது. இப்போது ஒருக்களித்திருக்கிறார் அல்லது காலைத் தூக்கிவைத்திருக்கிறார், குழாய் சுரப்பியை அழுத்தி நசுக்குகிறது. சில மெஷின்கள் எம்.ஆர்.ஐ. வடிவத்தை அப்படியே வைத்துப் பொருத்தும், சில நசுங்கலுக்கு ஏற்ப இழுத்து வளைத்துப் பொருத்தும். எப்படிப் பொருத்தினாலும் ஓரிரண்டு மில்லிமீட்டர் பிசகு சகஜம். ஊசி பாயும் வேகத்தில் சுரப்பியே கொஞ்சம் தள்ளிப்போகும். கட்டி 7 மில்லிமீட்டர் அகலம்தான் என்றால் அந்தப் பிசகு வட்டத்துக்குள் குத்தி, கட்டிக்கு வெளியே சதை எடுக்கப் போதும்.

மூன்றாவது இன்-போர். எம்.ஆர்.ஐ. மெஷினுக்குள் படுக்கவைத்து, அங்கேயே படம் எடுத்து, காந்தத்தில் ஒட்டாத உலோகத்தால் ஆன ஊசியை விட்டு, ஊசி கட்டிக்குள் இருக்கிறதா என்று மறுபடி படம் எடுத்து உறுதிசெய்வது. பொருத்தும் வேலையே கிடையாது, ஏனென்றால் ஒரே படம்தான். கோட்பாட்டளவில் இதைவிடத் துல்லியம் வேறில்லை. ஆனால் நேரம் ஆகும், எம்.ஆர்.ஐ. மெஷினை அவ்வளவு நேரம் அடைத்துக்கொள்ளும், செலவு கூடும், நோயாளி அசையாமல் கிடக்க வேண்டும். எடுப்பதும் இரண்டு மூன்று இழைகள்தான்.

விலை ஏற ஏறத் துல்லியமும் ஏறும் என்றுதான் நாம் எதிர்பார்ப்போம். நெதர்லாந்தில் நடந்த ஃபியூச்சர் ஆய்வு அதைச் சோதித்தது. அதில் எடுத்துக்கொண்டவர்கள் நம் சண்முகம் மாதிரி ஆட்கள்: முன்பு பயாப்சியில் ஒன்றும் அகப்படாதவர்கள், ஆனாலும் சந்தேகம் தீராதவர்கள். 665 பேருக்கு எம்.ஆர்.ஐ. எடுத்து, பைராட்ஸ் 3 அல்லது அதற்கு மேல் வந்த 234 பேரைச் சீட்டுப்போட்டு மூன்று முறைக்கும் பிரித்தார்கள். முக்கியமான புற்றுநோய் பிடிபட்டது: ஃபியூஷனில் 34 சதவீதம், காக்னிட்டிவில் 33, இன்-போரில் 33.

மூன்றும் ஒன்றுதான். 2019-இல் இந்த முடிவு வந்தபோது ஃபியூஷன் மெஷின் வாங்கி வைத்திருந்தவர்கள் முகம் எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பார்ப்பதுண்டு. ஆனால் அவசரப்பட்டு மெஷினை விற்கவும் வேண்டாம். 234 பேர் என்பது சிறு வித்தியாசங்களைக் காட்டப் போதாத எண்ணிக்கை. அதே ஆண்டில் கலிஃபோர்னியாவில் இருந்து வந்த பேர்ட்கேப் என்ற ஆய்வு வேறுமாதிரி சொன்னது. 248 பேருக்கு ஒரே அமர்வில் எல்லா முறையையும் செய்து பார்த்தபோது ஃபியூஷன் 62 சதவீதம் பேரிடம் முக்கியமான புற்றுநோயைப் பிடித்தது, காக்னிட்டிவ் 47 சதவீதம் பேரிடம்.

எதை நம்புவது? இந்தக் குழப்பத்துக்கு நடுவில் லண்டனின் ஸ்மார்ட்டார்கெட் ஆய்வு எனக்கு மிகவும் தெளிவாகப் பேசுவதாகத் தோன்றுகிறது. அதுவும் ஒரே ஆளிடம் இரண்டு முறையையும் செய்து பார்த்ததுதான். மொத்தம் 93 பேருக்கு முக்கியமான புற்றுநோய் இருந்தது. காக்னிட்டிவ் பிடித்தது 80. ஃபியூஷன் பிடித்ததும் 80. அட, சமம் என்று நகர்ந்துவிடாதீர்கள். காக்னிட்டிவ் கோட்டைவிட்ட 13 பேரை ஃபியூஷன் பிடித்தது. ஃபியூஷன் கோட்டைவிட்ட 13 பேரைக் காக்னிட்டிவ் பிடித்தது. ஒன்று மற்றொன்றைவிட உசத்தி என்பதல்ல விஷயம், இரண்டும் வேறு வேறு இடத்தில் தவறுகின்றன. மனிதன் தவறும் இடம் ஒன்று, மெஷின் தவறும் இடம் இன்னொன்று. பழகிய கை, பெரிய கட்டி என்றால் மெஷின் இல்லாமலே சமாளிக்கலாம். கட்டி சிறியது, முன்பக்கத்தில் இருக்கிறது, டாக்டர் இந்த வேலைக்குப் புதியவர் என்றால் மெஷின் கைகொடுக்கும். என்னைக் கேட்டால் இவ்வளவுதான் சொல்வேன்.

இந்த மூன்று வழிக்கும் பொதுவான ஒரு ஓட்டை இருக்கிறது. மூன்றும் எம்.ஆர்.ஐ. காட்டியதை மட்டும் குத்துகின்றன. எம்.ஆர்.ஐ. காட்டாததை? அதற்குத்தான், குறிபார்த்த ஊசியோடு பழைய பன்னிரண்டையும் சேர்த்து எடுப்பதா வேண்டாமா என்ற நெடுநாள் வழக்கு. பிரான்ஸின் எம்.ஆர்.ஐ.-ஃபர்ஸ்ட் ஆய்வில் 251 பேருக்கு இரண்டையும் எடுத்தார்கள். பழையது மட்டும் என்றால் 29.9 சதவீதம் பேரிடம் முக்கியமான புற்றுநோய், குறிபார்த்தது மட்டும் என்றால் 32.3, இரண்டும் சேர்த்தால் 37.5. அமெரிக்க தேசியப் புற்றுநோய் நிறுவனத்தில் 2,103 பேரிடம் நடந்து 2020-இல் வெளியான ஆய்வு இன்னும் ஒரு படி மேலே போனது. பயாப்சிக்குப் பிறகு ஆபரேஷன் செய்து சுரப்பியை எடுத்துவிட்ட 404 பேரிடம், பயாப்சி சொன்ன தீவிரமும் எடுத்த சுரப்பியில் இருந்த தீவிரமும் ஒத்துப்போகின்றனவா என்று பார்த்தார்கள். பயாப்சி சாது என்று சொல்லி, சுரப்பியில் தீவிரமானதாக இருந்த கேஸ்கள் பழைய முறையில் 16.8 சதவீதம், குறிபார்த்ததில் 8.7, இரண்டும் சேர்ந்ததில் 3.5.

சேர்த்து எடுத்தால் ஏமாற்றம் குறைவு என்பது தெளிவு. அதற்கு விலை, தராசின் மற்றொரு தட்டில் சாதுவான புற்றுநோய்களும் கூடுதலாக வந்து உட்கார்ந்துகொள்வது. இப்போது ஐரோப்பிய யூராலஜி சங்கம் நடுவழி ஒன்றைச் சொல்கிறது: சுரப்பி முழுக்க அலையாமல், சந்தேகப் புள்ளியைக் குத்திவிட்டு அதைச் சுற்றியும் சில ஊசிகள் போடுவது. படம் பொருத்துவதில் நேர்ந்த பிசகும் அதில் சரியாகிவிடும். புத்திசாலித்தனமான யோசனை.

ஊசி எந்த வாசல் வழியாக நுழைகிறது என்பது தனி விஷயம். பலர் இதையும் ஃபியூஷனையும் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். ஃபியூஷன் என்பது குறிபார்ப்பது. டிரான்ஸ்ரெக்டல், டிரான்ஸ்பெரினியல் என்பவை பாதை. மலக்குடல் சுவரைத் துளைத்துப் போவது ஒன்று. விதைப்பைக்கும் ஆசனவாய்க்கும் நடுவில் உள்ள தோல் வழியாகப் போவது மற்றொன்று. எந்தப் பாதையிலும் எந்தக் குறியும் பார்க்கலாம்.

மலக்குடல் வழி போனால் ஊசி ஒவ்வொரு முறையும் மலக்கிருமிகளைச் சுமந்துகொண்டு புராஸ்டேட்டுக்குள் நுழைகிறது. சிப்ரோஃப்ளாக்சசின் வகை மாத்திரைகளைப் போட்டுச் சமாளித்துவந்தார்கள். கிருமிகள் அதற்குப் பழகிவிட்டன. இந்திய ஆஸ்பத்திரிகளில் எடுக்கும் மாதிரிகளில் ஈ.கோலை கிருமி பெரும்பாலும் இந்த மாத்திரைக்கு மசிவதில்லை. பயாப்சி முடிந்த மறுநாளோ அதற்கடுத்த நாளோ நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தால், அது ரத்தத்தில் கிருமி ஏறியதாக இருக்கலாம். அன்று ராத்திரியே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்கக் கூடாது.

தோல் வழி இதைத் தவிர்க்கிறது. முன்பு இதற்கு முழு மயக்கம் தேவைப்பட்டது. இப்போது மரத்துப்போகும் ஊசி போட்டு வெளிநோயாளியாகவே செய்கிறார்கள். அமெரிக்காவில் 658 பேரிடம் நடந்த ப்ரிவென்ட் ஆய்வில் ஆன்டிபயாட்டிக்கே கொடுக்காமல் தோல் வழி எடுத்தவர்களில் ஒருவருக்கும் தொற்று வரவில்லை. மலக்குடல் வழிப் பிரிவில் நாலு பேருக்கு வந்தது. இன்னொரு அமெரிக்க ஆய்வில் இரண்டு பாதையிலும் தொற்று கிட்டத்தட்ட ஒரே அளவு என்று வந்திருப்பதையும் சொல்லிவிட வேண்டும். 2025-இல் வெளியான பிரிட்டனின் டிரான்ஸ்லேட் ஆய்வில், 1,126 பேரில், தோல் வழி முக்கியமான புற்றுநோயை 60 சதவீதம் பேரிடமும் மலக்குடல் வழி 54 சதவீதம் பேரிடமும் பிடித்தது. செய்யும்போது வலி மட்டும் தோல் வழியில் கொஞ்சம் கூட. முன்பக்கக் கட்டிக்குத் தோல் வழிதான் நேர்ப்பாதை. சண்முகத்தின் கட்டி அங்கேதான் ஒளிந்திருந்தது என்று வைத்துக்கொண்டால், இரண்டு முறை பன்னிரண்டு பன்னிரண்டாகக் குத்தியும் ஏன் அகப்படவில்லை என்பது விளங்கும்.

புதிதாக வந்திருக்கும் இரண்டு சங்கதிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மைக்ரோ அல்ட்ராசவுண்ட் என்பது 29 மெகாஹெர்ட்ஸில் இயங்கும் அல்ட்ராசவுண்ட். பழையதைவிட நுணுக்கமாகத் தெரிவதால் சில கட்டிகளை அதிலேயே பார்த்துக் குத்தலாம். எம்.ஆர்.ஐ. ஃபியூஷனுக்கு அது குறைந்ததல்ல என்று 2025-இல் ஆப்டிமம் ஆய்வு சொன்னது. பேஸ்மேக்கர் போன்ற காரணத்தால் எம்.ஆர்.ஐ. எடுக்க முடியாதவர்களுக்கு இது நல்ல செய்தி. இன்னொன்று பி.எஸ்.எம்.ஏ. பெட் ஸ்கேன், அதாவது புராஸ்டேட் புற்றணுக்களில் அதிகம் இருக்கும் ஒரு புரதத்தில் போய் ஒட்டும் கதிரியக்க மருந்தை ஏற்றி எடுக்கும் படம். ஆஸ்திரேலியாவின் ப்ரைமரி ஆய்வில் எம்.ஆர்.ஐ.யோடு இதையும் சேர்த்தபோது முக்கியமான புற்றுநோயைக் கண்டறியும் திறன் 83-இல் இருந்து 97 சதவீதமாகக் கூடியது. விலையைப் பார்த்தால் எல்லோருக்கும் ஆகிற காரியமில்லை.

எதிர்த்திசையில் வந்த ஒரு செய்திதான் என்னைப் பொறுத்தவரை இவற்றைவிடப் பெரியது. 2025-இல் வந்த ப்ரைம் ஆய்வு, 12 நாடுகளில் 490 பேரிடம், கான்ட்ராஸ்ட் ஊசி போடாமல் எடுத்த எம்.ஆர்.ஐ.யையும் போட்டு எடுத்ததையும் ஒப்பிட்டது. போடாததில் 29 சதவீதம் பேரிடமும் போட்டதில் 30 சதவீதம் பேரிடமும் முக்கியமான புற்றுநோய் அகப்பட்டது. வித்தியாசமே இல்லை என்று சொல்லலாம். கான்ட்ராஸ்ட் இல்லாவிட்டால் மருந்துச் செலவு மிச்சம், மெஷினில் கிடக்கும் நேரமும் குறையும். ஒரே மெஷினில் நாள் முழுக்க வரிசை நிற்கும் இடங்களுக்கு இது சாதாரண விஷயமல்ல. ஒரு நிபந்தனை உண்டு: படத்தின் தரம் நன்றாக இருக்க வேண்டும்.

அந்த நிபந்தனையில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது. 26 மையங்களின் எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட்டுகளைத் திரட்டி 2020-இல் வந்த ஓர் ஆய்வில், பைராட்ஸ் 4, 5 என்று சொன்னவற்றில் சராசரியாகப் பாதியளவில்தான் முக்கியமான புற்றுநோய் இருந்தது. சராசரியைவிடக் கவனிக்க வேண்டியது, மையத்துக்கு மையம் அந்த எண் எக்கச்சக்கமாக மாறியது என்பது. ஒரே பைராட்ஸ், ஒரே மதிப்பெண் பலகை, படிக்கும் கண் வேறு. தவறான புள்ளியை வட்டம் போட்டுக் கொடுத்தால், கோடிக்கணக்கில் விலைபோகும் ஃபியூஷன் மெஷினும் அந்தத் தவறான புள்ளியை மிகத் துல்லியமாகக் குத்திக் கொடுக்கும். ஆகவே 'உங்களிடம் ஃபியூஷன் இருக்கிறதா?' என்று விசாரிப்பதற்கு முன்னால், புராஸ்டேட் எம்.ஆர்.ஐ.யை அங்கே யார் படிக்கிறார்கள், மாதத்துக்கு எத்தனை படிக்கிறார்கள் என்று விசாரிப்பது பிரயோஜனமானது. கேட்கக் கூச்சமாக இருக்கும். கேட்கலாம்.

எல்லோருக்கும் இவ்வளவு பாடு தேவையுமில்லை. பி.எஸ்.ஏ. நூற்றைத் தாண்டி, விரல் வைத்துப் பார்த்தாலே கல்போலத் தட்டுப்பட்டு, முதுகெலும்பு வலியோடு வருகிறவருக்கு ஃபியூஷன் வேண்டாம். எங்கே குத்தினாலும் நோய் அகப்படும். அவருக்கு வேண்டியது சீக்கிரம் நாலைந்து இழை எடுத்துச் சீக்கிரம் சிகிச்சையைத் தொடங்குவது. குறிபார்க்கும் வித்தை எல்லாம் சண்முகம்போல நடுவில் நிற்பவர்களுக்கு.

அவருக்கு இரண்டு சின்ன விஷயங்களைச் சொல்லி அனுப்ப வேண்டியிருக்கிறது. ஒன்று, எம்.ஆர்.ஐ.யைப் பயாப்சிக்கு முன்னால் எடுப்பதுதான் முறை. பயாப்சிக்குப் பிறகு எடுத்தால் சுரப்பிக்குள் உறைந்திருக்கும் ரத்தம் படத்தைக் குழப்பும், அது வடிய ஆறு எட்டு வாரம் ஆகும். இன்னொன்று, ஸ்கேன் சென்டரில் பெரிய காக்கி உறையில் போட்டுத் தரும் ஃபிலிம் ஃபியூஷனுக்கு உதவாது. மெஷினுக்கு வேண்டியது டிஜிட்டல் கோப்பு. ஃபிலிமை வாங்கிக்கொண்டு வாசல்வரை வந்துவிட்டாலும் திரும்பிப்போய், முழுப் படமும் பதிந்த சி.டி.யைக் கேட்டு வாங்க வேண்டும்.